பழைய ரிலே ஒழுங்காகத்தான் இருந்தது

சப்ஸ்டேஷனில் பழுதைக் கண்டு பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் காவல் கருவிதான் பாதுகாப்பு ரிலே. பழைய ரிலேயைக் கழற்றிப் புதியதை மாட்டும் வேலை எங்கே நடந்தாலும், வேலைக் குறிப்பில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: "இருக்கும் வயரிங்கை மாற்றாமல் அப்படியே புதிய ரிலேயில் இணைக்கவும்." படித்தால் நியாயமாகத்தான் படுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் சப்ஸ்டேஷன். ஒரு ஃபீடருக்கு, அதாவது அங்கிருந்து வெளியே போகும் ஒரு லைனுக்கு, லைன் கிளியர் (மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்ய அனுமதி) வாங்குவதே பெரும்பாடு. கிடைத்த சில மணி நேரத்துக்குள் பழையதைக் கழற்றி, புதியதை உட்கார வைத்து, சோதித்து, திரும்ப சார்ஜ் செய்துவிட வேண்டும், அதாவது மின்சாரம் கொடுத்துவிட வேண்டும். அந்த நெருக்கடியில் ஒரு வயர் எங்கிருந்து வருகிறது, ஏன் இங்கே வந்து முடிகிறது என்று ஆராய யாருக்கு நேரம்? வயர் நுனியில் மாட்டிய ஃபெரூல் வளையத்தின் எண்ணைப் பார், வரைபடத்தில் அந்த எண் உள்ள டெர்மினலில் கொடு, முடுக்கு, அடுத்ததுக்குப் போ. யாரும் இதைத் தப்பென்று சொல்வதில்லை. எனக்கு மட்டும், ஒரு ஃபீடரின் கதைக்குப் பிறகு, அந்த வரி தொண்டையில் சிக்கிக்கொண்டது.

பாதுகாப்பு ரிலே என்று யார் பேச ஆரம்பித்தாலும் பேச்சு செட்டிங்கில்தான், எவ்வளவு கரண்ட்டில் எவ்வளவு நேரத்தில் விழ வேண்டும் என்று வைக்கும் அளவில்தான், போய் நிற்கும். அதற்குப் பெரிய கதைகளும் இருக்கின்றன. 1965 நவம்பர் 9 அன்று, ஒன்டாரியோவின் ஆடம் பெக் நீர்மின் நிலையத்திலிருந்து வடக்கே போன ஐந்து 230 கிலோவோல்ட் லைன்களில் ஒன்றின் ரிலே, கூடிப்போன லோடைப் பழுதென்று எடுத்துக்கொண்டு டிரிப் கொடுத்தது. அந்த லோடு மற்ற நான்கின் தலையில் விழ, அவையும் நொடிகளில் வரிசையாகப் போயின. ஒன்டாரியோவும் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களும் சேர்த்துச் சுமார் 3 கோடிப் பேர் இருட்டில். ரிலே பழுதாகவில்லை. 1963-ல் வைத்த செட்டிங்கின்படி அது சரியாகவே வேலை செய்தது. இடையில் லோடு வளர்ந்ததுதான் அதற்குத் தெரியாது. பாதுகாப்புப் பொறியாளர்களுக்கு இது பால பாடம். ஆனால் ரிலேயை மாட்டியதில் வந்த கோளாறு எதுவும் இப்படிச் சரித்திரத்தில் ஏறுவதில்லை. "வயரிங் சரிசெய்யப்பட்டது" என்று பதிவேட்டில் ஒரு வரி, அவ்வளவுதான். செட்டிங் பொறியாளரின் வேலை, மாட்டுவது ஃபிட்டரின் வேலை என்று எப்போதோ பாகம் பிரித்துவிட்டோம். நடுவில் கிடக்கிற நிலத்துக்கு யாரிடமும் பட்டா இல்லை.

தூள், பெயிண்ட், அதிர்வு

மாட்டுவது நாலு போல்ட் முடுக்குகிற வேலைதானே என்பவர்கள், சார்ஜில் இருக்கும் பேனலில் ஒரு தடவை ஜிக்ஸா பிடித்துப் பார்க்க வேண்டும். தட்டு சுழன்று இயங்கும் பழைய இண்டக்ஷன் டிஸ்க் ரிலேகளின் ஓட்டையில், கம்ப்யூட்டர் போலக் கணக்கிடும் புதிய நியூமெரிக்கல் ரிலே அளவாகப் பொருந்துவது அபூர்வம். மூன்று ஓவர்கரண்ட் (அளவுக்கு மீறிய கரண்ட்), ஒரு எர்த் ஃபால்ட் (மண்ணுக்குப் போகும் பழுது) என்று வரிசையாக நின்ற பெட்டிகளின் இடத்துக்கு ஒரே பெட்டி வருகிறது. கெட்டிக்காரர்கள் பழைய ஓட்டைகளையெல்லாம் மூடும் அளவுக்கு ஒரு தகடு எடுத்து, புதிய கட்-அவுட்டை அந்தத் தகட்டிலேயே ஒர்க்‌ஷாப்பில் வெட்டிக் கொண்டுவருவார்கள். பேனலிலேயே வெட்டுவதென்றால் முதல் தொல்லை அதிர்வு. பக்கத்து ஃபீடரின் துணை ரிலேகளும் அதே தகட்டில்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஆர்மேச்சரை இழுத்து மூடும் வகை ரிலேயில் காண்டாக்ட் இடைவெளி மிகக் கொஞ்சம். டிரில் தகட்டைக் கடிக்கிற நேரத்தில் அது ஒரு கணம் ஒட்டினாலும் பக்கத்து பிரேக்கர் விழும். அதனால் பக்கத்து ரிலேகளின் டிரிப் லிங்க்கை, பிரேக்கருக்குக் கட்டளை போகும் இணைப்பை, முதலில் திறந்து வைப்பார்கள். திறந்ததை எழுதி வைக்காமல் போனால் அது வேறு கதை. அந்த ஃபீடர் பாதுகாப்பே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்தது இரும்புத் தூள். இண்டக்ஷன் டிஸ்க் சுழல்வதே ஒரு நிலைக்காந்தத்தின் வாய்க்குள்தான். பக்கத்து ரிலேயின் கண்ணாடி மூடியில் கேஸ்கெட் காய்ந்து விரிசல் விட்டிருந்தால், பறக்கிற பிசிறு நேராகப் போய்ச் சேருமிடம் அந்த வாய். ஒட்டிக்கொண்ட ஒரு துணுக்கு டிஸ்க்கை உரசினால் இயங்கும் நேரம் நீளும். சில சமயம் டிஸ்க் நின்றேவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெட்டும் இடத்துக்கு அடியிலேயே வாக்குவம் கிளீனரின் வாயைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பதைப் பார்த்தால் சிரிப்பு வரலாம். நான் அவருக்கு மரியாதை கொடுப்பேன்.

புதிய ரிலேக்கு டிஸ்க்கும் இல்லை, ஸ்பிண்டிலும் இல்லை. பேனல் கொஞ்சம் சாய்ந்திருந்தால்கூட அதற்குக் கவலையில்லை. அதன் பலவீனம் வேறு இடத்தில். வெளியே யார்டில் ஐசொலேட்டர் சுவிட்சைத் திறக்கும்போது வயர்களில் ஏறிவரும் வேகமான துடிப்புகளை, ரிலேக்குள் இருக்கும் ஃபில்டர்கள் பெட்டியின் உடம்புக்குத் தள்ளிவிடுகின்றன. உடம்பிலிருந்து அவை எர்த்துக்குப் போக வேண்டும். அங்கே பெட்டியின் பின்னால் இருக்கும் எர்த் திருகிலிருந்து பேனலின் செம்புப் பட்டைக்கு ஒரு நீள வயரைச் சுருட்டிச் சுருட்டிக் கொண்டுபோயிருப்பார்கள். மல்டிமீட்டர் வைத்தால் பீப் அடிக்கும். ஆனால் அந்தத் துடிப்புகளின் வேகத்துக்கு அந்தச் சுருட்டல் ஒரு காயில், போக வழியில்லை. அகலமான பின்னல் பட்டையைக் குட்டையாக வெட்டிப் போட வேண்டும். லக் உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்ட வேண்டும். இந்தச் சுரண்டலைச் செய்யாமல் பளபளப்பான பெயிண்ட் மேலேயே போல்ட் முடுக்கிய பேனல்கள் தொழிற்சாலையிலிருந்தே வருவதுண்டு. போல்ட்டின் மரை மட்டும் எங்கோ உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

இவ்வளவும் கண்ணுக்குத் தெரிகிற சமாச்சாரம். டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தால் பிடித்துவிடலாம்.

கூடவே விழுந்த ஃபீடர்

நான் சொல்ல வந்த ஃபீடரில் இது எதுவும் குறையில்லை. கட்-அவுட் சுத்தம், எர்த் பட்டை சரி, சி.டி. (லைன் கரண்ட்டைச் சிறிதாக்கி ரிலேக்குத் தரும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) வயர்களுக்கு ஒழுங்கான ரிங் லக், ஃபெரூல் எல்லாம் ஒரே திசையில். டெஸ்ட் பிளாக்கில் செகண்டரி இன்ஜெக்ஷன் செய்து, அதாவது ரிலேக்கே நேராகக் கரண்ட் கொடுத்து, ஒவ்வொரு ஃபேஸிலும் பிக்கப் (ரிலே எழும் கரண்ட்), டைமிங் எடுத்திருக்கிறார்கள். எர்த் ஃபால்ட் 20 சதவீதம், அதாவது 1 ஆம்பியர் சி.டி.க்கு 0.2 ஆம்பியர், அதுவும் சரியாக எழுந்திருக்கிறது. எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். சார்ஜ் செய்தார்கள். லோடு நன்றாக ஓடியது.

பிறகுதான் தொல்லை. பக்கத்து ஃபீடரில் எர்த் ஃபால்ட் வந்தால், அந்த ஃபீடரோடு இதுவும் கூடவே விழுந்தது. இதன் லைனில் ஒன்றுமே இருக்காது. சார்ஜ் செய்தால் நிற்கும். ரிலேயின் மேல் சந்தேகம் போவது இயல்பு. தயாரிப்பாளரின் ஆள் வந்து சோதித்து, ரிலே ஹெல்த்தி என்று சொல்லிவிட்டுப் போனார். எதற்கும் இருக்கட்டும் என்று ரிலேயையே மாற்றினார்கள். மாற்றியதும் அதே புத்தியைக் காட்டியது. என்னைக் கூப்பிட்டது அதற்கப்புறம்தான். பேனல் கதவைத் திறந்துவிட்ட மூத்த ஃபிட்டர் முதலில் சொன்னது: "சார், பழசு இத்தனை வருஷம் ஒழுங்கா இருந்துச்சு. இது வந்ததிலிருந்துதான் இந்தக் கூத்து."

நியூமெரிக்கல் ரிலேயின் பெரிய வசதி, அது விழுந்த நேரத்தின் அலைவடிவத்தைச் சேமித்து வைத்திருக்கும். எடுத்துப் பார்த்தோம். மூன்று ஃபேஸ் கரண்டும் சாதாரண லோடு, சமமாக, அழகாக. மூன்றையும் கூட்டினால் கிட்டத்தட்ட பூஜ்யம். ஆனால் நாலாவது இன்புட், அதாவது நியூட்ரல் வயரில் வரும் கரண்ட்டை அளக்கிற இன்புட், 1 ஆம்பியருக்கும் மேலே காட்டியது. இது நடக்கக் கூடாதது. அந்த நாலாவது இன்புட்டுக்குள் போவது மூன்று ஃபேஸ்களின் கூட்டல்தான். கூட்டல் பூஜ்யம் என்றால் அங்கேயும் பூஜ்யம்தான் இருக்க வேண்டும். சி.டி.யிலிருந்து வராத கரண்ட் ஒன்று, வேறு எங்கிருந்தோ நுழைந்து, நியூட்ரல் வயரில் மட்டும் ஓடியிருக்கிறது.

லைன் கிளியர் வாங்கி, பிரைமரி இன்ஜெக்ஷன் செட்டைக் கொண்டுபோய், லைன் பக்கமிருந்து சி.டி. வழியாகவே, ஒரே ஒரு ஃபேஸில் கரண்ட் கொடுத்தோம். ஒரு ஃபேஸில் மட்டும் கொடுத்தால் அது அப்படியே நியூட்ரல் வழியாகத் திரும்ப வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே எண் வர வேண்டும். ரிலேயின் திரையில் ஃபேஸ் 0.50 காட்டியது. நியூட்ரல் 0.05-ஐத் தாண்டவில்லை. பத்தில் ஒன்பது பங்கு கரண்ட் நியூட்ரல் வயருக்கு வராமலே சி.டி.க்குத் திரும்பிக்கொண்டிருந்தது. எந்த வழியாக?

பேனலின் டெர்மினல் வரிசையில், மூன்று ஃபேஸ்களும் ஒன்றுசேரும் ஸ்டார் புள்ளியில், ஒரு பச்சை வயர் எர்த் பட்டைக்குப் போயிருந்தது. வரைபடத்திலும் அப்படித்தான். அந்த லிங்க்கைக் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) போட்டோம். இருந்த ஒரே எர்த்தைக் கழற்றியாகிவிட்டது. மெகாஓம் கணக்கில் வர வேண்டும். முள் பூஜ்யத்திலிருந்து அசையவில்லை.

"யார்டு ஜங்ஷன் பாக்ஸில நியூட்ரலை எர்த் பண்ணியிருக்காங்களா அண்ணே?" என்று கேட்டேன்.

"பண்ணாம இருப்பாங்களா சார்? சி.டி.ன்னா எர்த் பண்ணித்தானே ஆகணும்."

போய்த் திறந்து பார்த்தால், ஸ்டார் போட்ட பட்டையின் ஓரத்தில், இரண்டு லக்குகளுக்கு அடியில் மூன்றாவதாக ஒரு லக். அதிலிருந்து ஒரு சாண் நீளத்தில் செம்பு வயர், பெட்டியின் உடம்புக்கு. எப்போதோ யார்டில் சி.டி. மாற்றியபோது, புதிய ஜங்ஷன் பாக்ஸோடு வந்த வரைபடத்தில் எர்த் இருந்திருக்கிறது, போட்டுவிட்டார்கள். பேனல் வரைபடத்திலும் எர்த் இருந்தது. அது முன்னமே போட்டது. தனித்தனியாக எடுத்தால் இரண்டு வரைபடமும் சரி. இரண்டையும் ஒரே மேசையில் விரித்துப் பார்த்தவர் யாருமில்லை.

எழுபத்தைந்து ஓம்

இரட்டை எர்த் இந்தத் தொழிலில் பழைய வியாதி. பக்கத்தில் ஃபால்ட் வந்தால், சப்ஸ்டேஷனுக்கு அடியில் புதைத்த எர்த் கிரிட் வலையில் ஓடும் கரண்ட்டால் யார்டுக்கும் கண்ட்ரோல் ரூமுக்கும் நடுவே கொஞ்சம் வோல்டேஜ் வித்தியாசம் ஏற்படும். இரண்டு முனையிலும் எர்த் இருந்தால் அது நியூட்ரல் வயர் வழியாகக் கரண்ட்டைத் தள்ளும். இது தெரிந்த விஷயம்தான். என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஃபிட்டர் சொன்னது. சி.டி. மாற்றியது ரிலே மாற்றுவதற்கு வெகுகாலம் முன்பு. அப்படியென்றால் பழைய ரிலேயும் இரட்டை எர்த்தோடுதானே இருந்தது? அது ஏன் ஒருமுறைகூட விழவில்லை?

பழைய ரிலேயின் கையேட்டை எடுத்துப் பார்த்தேன். செட்டிங் கரண்ட்டில் 3 வோல்ட்-ஆம்பியர் பர்டன், அதாவது ரிலே சி.டி.யின் மேல் ஏற்றும் சுமை. இந்த வகை டிஸ்க் ரிலேகளுக்கு வழக்கமான அளவு. 0.2 ஆம்பியர் செட்டிங்கில் 3 வோல்ட்-ஆம்பியர் என்றால், 3-ஐ 0.2-இன் வர்க்கமான 0.04-ஆல் வகுக்க, 75 ஓம் மின்மறிப்பு. புதிய ரிலேயின் இன்புட் ஓர் ஓமில் சிறு பின்னம், இல்லையென்றே வைத்துக்கொள்ளலாம். மிஞ்சுவது வயர் மட்டும்: 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, கிலோமீட்டருக்கு 7.4 ஓம், நூறு மீட்டருக்கு முக்கால் ஓம். ஆக, பழைய ரிலேயை எழுப்ப எர்த் வித்தியாசம் 15 வோல்ட் வர வேண்டியிருந்தது. புதியதை எழுப்ப 0.16 வோல்ட் போதும். கிட்டத்தட்ட நூறில் ஒரு பங்கு. ஒழுங்கான கிரிட் உள்ள சப்ஸ்டேஷனில் 15 வோல்ட் லேசில் வராது. கால் வோல்ட் எப்போது வேண்டுமானாலும் வரும். பழையது ஏன் விழவில்லை என்பதற்கு விடை கிடைத்துவிட்டது.

அப்போதுதான் கணக்கை மறுபக்கம் போட்டுப் பார்க்கத் தோன்றியது. சொந்த லைனிலேயே எர்த் ஃபால்ட் வந்தால் பழைய ரிலேக்கு எவ்வளவு கரண்ட் போயிருக்கும்? சி.டி.யிலிருந்து வரும் கரண்ட்டுக்கு ஸ்டார் புள்ளியில் இரண்டு வழி. ஒன்று 75 ஓம் ரிலே. இன்னொன்று பேனல் எர்த்தில் இறங்கி, கிரிட் வழியாக யார்டு எர்த்தில் ஏறிச் சி.டி.க்குத் திரும்பும் வழி. எங்கள் இன்ஜெக்ஷன் கணக்குப்படி அது ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆயிரத்தில் ஒரு பங்குதான் ரிலேக்குப் போயிருக்கும். அதன் டிஸ்க் அசைய 0.2 ஆம்பியர் வேண்டுமென்றால், செகண்டரியில் கிட்டத்தட்ட 200 ஆம்பியர் வந்திருக்க வேண்டும். சி.டி.யின் மதிப்பைப் போல 200 மடங்கு. அதற்குள் சி.டி.யே சாச்சுரேட் ஆகிவிடும், அவ்வளவு கரண்ட்டை அதனால் தர முடியாது.

அந்த எர்த் ஃபால்ட் ரிலே இத்தனை வருஷமும் குருடாகவே இருந்திருக்கிறது. ஒழுங்காக இருந்தது என்று எல்லோரும் சொன்னது, அது எதையும் பார்க்கவில்லை என்பதைத்தான்.

பழைய டிரிப் பதிவேடுகளைத் தேடிப் புரட்டினோம். அந்த ஃபீடரில் தூரக் கோடியில் எர்த் ஃபால்ட் வந்தபோதெல்லாம், எல்லா ஃபீடர்களுக்கும் மின்சாரம் கொண்டுவரும் இன்கமர் விழுந்திருக்கிறது. ஒரு ஃபீடருக்காக மொத்த பஸ்ஸும் போயிருக்கிறது. காரணம் என்ற கட்டத்தில் "ரிலே கோஆர்டினேஷன் சரிபார்க்கவும்" என்று எழுதியிருந்தார்கள். சரிபார்த்துமிருக்கிறார்கள்: ஃபீடர் முந்தி விழட்டுமென்று இன்கமரின் நேரத்தை ஏற்றியிருந்தார்கள். பிறகு இன்னும் கொஞ்சம் ஏற்றியிருந்தார்கள். செட்டிங்கில் பதில் தேடினால் செட்டிங்கில்தான் பதில் கிடைக்கும். வருடாந்திரச் சோதனையில் அந்த ரிலே எப்போதும் தேறியிருக்கிறது. தேறாமல் என்ன செய்யும்? டெஸ்ட் பிளக்கைச் சொருகியதும் சி.டி. பக்கம் முழுவதும் துண்டாகிவிடுகிறது; சோதனைக் கரண்ட் போவது ரிலேக்குள் மட்டும். ரிலே எப்போதுமே நல்ல ரிலேதான்.

பேட்டரியில் ஓடும் டி.சி. பக்கத்திலும் இதே மாதிரி ஒரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. பழைய துணை ரிலேயின் காயிலை இழுக்க நல்ல பலம் வேண்டும். புதிய ரிலேயில் ஆம்-இல்லை சிக்னலை வாங்கும் பைனரி இன்புட்டுக்கு ஓரிரு மில்லி ஆம்பியர் போதும். பேட்டரியின் பாசிட்டிவ் முனை எங்கோ எர்த் ஆனால், நீளமான யார்டு கேபிளில் தேங்கியிருக்கும் சார்ஜ் அந்த இன்புட் வழியாக வடியும். காயில் கண்டுகொள்ளாத அந்தத் துடிப்பை இன்புட் ஒரு கட்டளை என்று எடுத்துக்கொள்ளும். பேட்டரி வோல்டேஜில் பாதிக்கு மேலே வரம்பு வைத்து, கொஞ்சம் தாமதமும் கொடுத்தால் தப்பிக்கலாம். இதுவும் வயரிங் அப்படியே, நடத்தை வேறு என்கிற கதைதான்.

நியூட்ரலைக் கணக்கில் எடுத்தால் என்ன?

யார்டு எர்த்தைக் கழற்றிவிட்டு, பேனல் எர்த்தை மட்டும் வைத்துக்கொண்டோம். சோதிக்கிறவர்கள் நிற்குமிடம் பேனல் என்பதால் எர்த் அங்கே இருப்பதுதான் எனக்கு உசிதம். ஒரு ஃபேஸ் இன்ஜெக்ஷனைத் திரும்பச் செய்தபோது ஃபேஸ் 0.50, நியூட்ரல் 0.50.

ஆனால் இந்த வேலையெல்லாம் தேவையே இல்லை என்று ஒரு கட்சி இருக்கிறது. அவர்கள் சொல்வதிலும் விஷயமில்லாமல் இல்லை. நியூமெரிக்கல் ரிலேயில் எர்த் ஃபால்ட் கரண்ட்டை நாலாவது இன்புட்டில் அளக்கவும் செய்யலாம்; மூன்று ஃபேஸ்களையும் மென்பொருளில் கூட்டியும் எடுக்கலாம். கூட்டி எடுத்தால் நியூட்ரல் வயரில் என்ன ஓடினாலும் ரிலே சட்டை செய்யாது. பொய் டிரிப் நின்றுவிடும். சொந்த லைனின் ஃபால்ட்டும் முழுதாகத் தெரியும், ஏனென்றால் ஃபேஸ் இன்புட்டுகளில் கரண்ட் குறையவில்லை. லேப்டாப்பைச் சொருகி ஒரு செட்டிங்கை மாற்றினால் தீர்ந்தது. யார்டுக்குப் போக வேண்டாம், லைன் கிளியர் வேண்டாம். மூத்த பொறியாளர் ஒருவர் என்னிடம் இதைச் சொன்னபோது உடனே மறுக்க முடியவில்லை. பாதுகாப்பு என்ற அளவில் அவர் சொல்வது வேலை செய்யும்.

என் சங்கடம் வேறு. இரண்டாவது எர்த் அங்கேயே இருக்கும். ஒவ்வொரு ஃபால்ட்டுக்கும் அந்த நியூட்ரல் வயர், தனக்குச் சம்பந்தமில்லாத கிரிட் கரண்ட்டைச் சுமக்கும். என்றைக்காவது ஒரு பெரிய ஃபால்ட்டில் அது சூடேறி ஏதோ ஒரு டெர்மினலில் கருகி அறுந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை: இரண்டு எர்த் இருப்பதால் சுற்று மண் வழியாக மூடிக்கொள்ளும், ஃபேஸ் கரண்ட்டுகள் சரியாகவே வரும், ரிலேயின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அப்புறம் என்றோ ஒருவர், இரண்டு எர்த் இருப்பது தெரியாமல், ஒன்றைத் தேவையில்லை என்று கழற்றுவார். அந்த நிமிஷம் அது, சமன் குலைந்தால் திரும்ப வழியில்லாத சி.டி. சுற்று. அடுத்த எர்த் ஃபால்ட்டில் அந்த டெர்மினலில் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் நிற்கும்.

அதே சமயத்தில் சி.டி. மாற்றிய மற்ற ஃபீடர்களின் பட்டியலை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அவற்றிலும் புதிய ரிலே வரப்போகிறது. வேலைக் குறிப்பில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்: பழைய ரிலேயைக் கழற்றும் முன் பேனல் எர்த் லிங்க்கைத் திறந்து மெக்கர் எடுக்கவும், புதியதை மாட்டிய பிறகு ஒரு ஃபேஸில் மட்டும் பிரைமரி இன்ஜெக்ஷன் செய்து நியூட்ரலைப் பார்க்கவும். முதல் வரியை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். இரண்டாவதற்குக் கூடுதலாக லைன் கிளியர் நேரம் வேண்டும், கூட்டல் முறைக்கு மாற்றிவிட்டால் அது எதற்கு என்று கேட்டுப் பதில் வந்திருக்கிறது. பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.